சிவப்பாக இருந்த கட்டங்கள்

அத்தியாயம் 14

முத்திருளன் விடிகாலையில் செத்துப்போனார்.

போன வாரம் அவரை மூச்சு மிஷினோடு விட்டுவிட்டு வந்தோம். எப்படியும் பிழைக்க வைத்துவிடுங்கள், எழுதுகிறவர் மனசு வைத்தால் ஆகாதா என்று கேட்டவர்களே, மனசெல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. ஆகவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முத்திருளன் செல்லூரில் விசைத்தறி ஓட்டியவர். காலில் ஆணி குத்திச் சீழ் வைத்துவிட்டது என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். டாக்டர் ஒரு ஆன்டிபயாடிக் ஊசி எழுதினார். நர்ஸ் சரண்யாதேவி போட்டாள். முதலில் தோலில் கொஞ்சம் ஏற்றிச் சோதித்தபோது ஒன்றும் தெரியவில்லை. முழு ஊசியும் ஏறியதும் மனிதர் மூச்சுத் திணறிச் சரிந்துவிட்டார். அந்த வகை மருந்தே அவருக்கு ஆகாது. இதே ஆஸ்பத்திரியின் பழைய பதிவில் அது இருந்தது. புது கம்ப்யூட்டரில் இல்லை.

ஆஸ்பத்திரி என்ன செய்யும்? நர்ஸை சஸ்பெண்ட் செய்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது.

பழைய பதிவுகளைப் புது கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தவள் வேறு யாருமில்லை. சரண்யாவின் நாத்தனார் பவதாரிணி. தப்பு தன்னுடைய நிரலில்தான் இருக்கிறது என்று அவள் கண்டுபிடித்த இடத்தில் போன வாரம் நிறுத்தினேன்.

இனி, இன்றைய பொழுது.

*

அவனியாபுரத்து வீட்டில் ஃபோன் அடித்தபோது பவதாரிணி மதினி சரண்யாவோடு அடுப்படியில் இருந்தாள். எடுத்துப் பேசியது அண்ணன் ராஜபாண்டி. டிராவல்ஸ் கார் ஓட்டுகிறவன். எந்தச் சேதியையும் உரக்கச் சொல்லியே பழகியவன், இதை மட்டும் வாய்க்குள்ளேயே சொன்னான்.

"முடிஞ்சிருச்சாம்."

சரண்யா அடுப்பை அணைத்தாள். கொதித்துக்கொண்டிருந்த பாலைப் பார்த்தபடியே நின்றாள்.

"பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாக. போஸ்ட்மார்ட்டம். நர்ஸ அரெஸ்ட் பண்ணாம ஒடம்ப வாங்க மாட்டோம்னு செல்லூர்க்காரங்க ரோட்டுல உக்காந்துட்டாங்களாம்" என்றான் ராஜபாண்டி. பிறகு பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டான்.

பவதாரிணி அவன் போகும்வரை பொறுத்தாள். அப்புறம் கேட்டாள். ராத்திரி முழுக்க மனசுக்குள் வைத்திருந்த கேள்வி அது.

"மதினி, அந்தப் பழைய எக்ஸெல் ஷீட்டுல சில வரி சிவப்பா இருந்துச்சே. அது எதுக்கு?"

"மருந்து ஆகாதவங்க. ஏன்?"

"யாரு சிவப்பு போட்டது?"

"நாந்தேன். எல்லா வார்டுக்கும் நாந்தேன் ஆரம்பிச்சு வச்சேன். அதுக்குன்னு தனியா ஒரு கட்டம் போடுறேன்னுதான் கேட்டேன். கட்டம் கூடுனா பிரிண்ட் அடுத்த பேப்பருக்குப் போயிருது, ரவுண்ட்ஸ்ல டாக்டர் ரெண்டு பேப்பரப் புரட்டிக்கிட்டு நிப்பாரான்னு ஆபீஸ்ல வஞ்சாங்க. சரி, வரியவே சிவப்பாக்கி விட்ருவோம்னு பண்ணோம். எல்லா சிஸ்டருக்கும் தெரியும். ஏன் பவா, என்ன இப்ப?"

பவதாரிணி சொன்னாள்.

அவள் சொன்னதை நான் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அந்த ஆஸ்பத்திரி இத்தனை வருஷமாக நோயாளிகளின் விவரங்களை எக்ஸெல் கோப்புகளில்தான் வைத்திருந்தது. வார்டுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று குவியல். புது சாஃப்ட்வேர் எக்ஸெலை ஏறெடுத்தும் பார்க்காது. அதற்கு எக்ஸ்எம்எல் வேண்டும். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு தகவலுக்கும் முன்னாலும் பின்னாலும் பெயர்ச்சீட்டு ஒட்டி அடுக்கி வைப்பது, அவ்வளவுதான். இது நோயாளியின் பெயர், இங்கே முடிகிறது. இது வயது, இங்கே முடிகிறது.

இதைக் கையால் செய்தால் ஆயுசு போய்விடும். பவதாரிணி பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு லைப்ரரியை வைத்துச் செய்தாள். யாரோ எழுதி ஊருக்குப் பொதுவாகப் போட்டு வைத்த நிரல் அது. எக்ஸெல் கோப்பைத் திறந்து, கட்டம் கட்டமாக என்ன இருக்கிறது என்று எடுத்துக் கொடுக்கும். எழுத்தை மட்டும் கொடு போதும் என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் இன்னும் வேகமாக ஓடும். அவள் அந்தச் சொல்லைச் சேர்த்திருந்தாள். கட்டத்தின் நிறம் என்ன என்று கேட்டிருந்தால் அந்த லைப்ரரி அதையும் சொல்லியிருக்கும். கேட்கவில்லை.

நிறங்களை அவள் பார்க்காமல் இல்லை. பார்த்தாள். மதுரையில் எந்த ஆபீஸ் எக்ஸெலைத் திறந்தாலும் ஆடித் தள்ளுபடித் துணிக்கடை மாதிரிதானே இருக்கிறது? தலைப்புக்கு ஊதா, கூட்டுத்தொகைக்குப் பச்சை, மேனேஜருக்குப் பிடிக்கும் என்று ரோஸ். இதுவும் அப்படி ஒரு அலங்காரம் என்று நினைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே மதினி."

"நீ கேட்ருக்கலாமேடி."

எனக்கு இந்த இடத்தில் ஆத்திரம் வருகிறது. ஒரே வீடு. ஒரே சட்டிச் சோறு. இந்த வேலையையே ஆஸ்பத்திரியில் சொல்லி நாத்தனாருக்கு வாங்கிக் கொடுத்தவள் சரண்யா. ராத்திரி இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், ஊர் வம்பெல்லாம் பேசினார்கள். அந்தச் சிவப்பைப் பற்றி மட்டும் ஒருத்தி சொல்லவில்லை, ஒருத்தி கேட்கவில்லை. வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று பெரிய கொள்கை வேறு வைத்திருந்தார்கள்.

சரண்யா பாலை இறக்கி வைத்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப என் மேல தப்பு இல்லயா பவா?"

இத்தனை நாளாகச் செத்துக் கிடந்த முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. பவதாரிணி அதைப் பார்த்தாள். அதைப் பார்த்த பிறகு அவளால் வேறு எதுவும் யோசிக்க முடியவில்லை.

"இல்ல மதினி. என் மேலதான்."

"அத எழுதிக் குடுப்பியா?"

"குடுக்குறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா மதினி."

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா தங்கப்பொண்ணு தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு பிள்ளைகளையும் களையெடுத்தும் நாற்று நட்டும் படிக்க வைத்தவள் அவள். "ஆத்தி! ஒருத்தியத் தூக்கி விடுறேன்னு இன்னொருத்தி குழிக்குள்ள எறங்குவாளா? உனக்கு வேல போயிருமேடி!"

ராஜபாண்டி உள்ளே ஓடிவந்தான். தங்கச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "பாப்பா, நீ இத மட்டும் செஞ்சுட்டேன்னா போதும். நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

*

பவதாரிணியின் ஆபீஸ் வண்டியூரில், ஒரு பேட்டரிக் கடைக்கு மேல் மாடி. ஓனர் முத்துப்பாண்டி. கெட்ட மனிதர் இல்லை. சோழவந்தான் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அப்பாவின் நிலத்தை விற்றுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டவர். படித்துவிட்டுச் சென்னைக்குப் போக முடியாத பெண்களுக்கு இந்த ஊரிலேயே வேலை கொடுத்தவர். அவரைத் திட்டுவதற்கு எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"கலரு டேட்டாவாம்மா? எந்த ஊருல கலரு டேட்டா? சரியான ஃபைலக் குடுக்க வேண்டியது அவங்க வேல. நாம குடுத்தத அவங்க சிஸ்டர்களே வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாத்து ஓகே சொன்னாங்கள்ல?"

"எழுத்த ஒப்பிட்டாங்கண்ணே. எழுத்து எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறமென்ன?"

"அண்ணே, முத்திருளன் ஒருத்தர்தான் போயிருக்காரு. சிவப்பு வரி இன்னும் எம்புட்டோ இருக்கு. அவங்கள்ல யாராச்சும் இன்னைக்கு வார்டுல படுத்திருந்தா?"

முத்துப்பாண்டி இதை யோசித்திருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "முதல்ல அத எடு. இப்பவே எடு" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். எழுத்தை மட்டும் கொடு என்ற சொல்லை நீக்கினாள். ஒவ்வொரு வரியின் முதல் கட்டத்துக்கும் நிறம் என்ன என்று கேட்கச் சொன்னாள். சிவப்பாக இருந்தால் எக்ஸ்எம்எல்லில் 'மருந்து ஒவ்வாமை' என்று புதிதாக ஒரு சீட்டு, அதற்குள் 'உண்டு'. எண்ணிச் சில வரிகள்தான். முன்பே எழுதியிருந்தால் டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும் வேலை.

ஓட்டினாள். பெயர்கள் வந்தன. குறைவாக வந்தன. முத்திருளன் பெயரே வரவில்லை.

 கோப்பைத் திறந்து அவருடைய வரியைத் தேடினாள். சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து வரியின் சிவப்பு வேறு, இது வேறு. கண்ணுக்கு இரண்டும் சிவப்பு. நிரலுக்கு ஒன்று சிவப்பு, இன்னொன்று வேறு ஏதோ. சரண்யாவுக்கு ஃபோன் போட்டாள்.

"மதினி, சிவப்புல ரெண்டு மூணு தினுசு இருக்கு."

"ஆமா. எங்க கம்ப்யூட்டர்ல மேல் வரிசையில இருக்குற சிவப்ப எடுப்போம். மூணாவது மாடி கம்ப்யூட்டர் புதுசு, அதுல கீழ் வரிசையில இருக்கும். நைட் டூட்டி அக்கா கொஞ்சம் மெரூனாப் போடுவாங்க, கண்ணு கூசுதும்பாங்க."

"அம்புட்டும் ஒரே அர்த்தந்தானா?"

"ஒரே அர்த்தந்தேன்."

ஒவ்வொரு சிவப்பையும் தேடித் தேடிச் சேர்த்தாள். மறுபடி ஓட்டினாள். இந்த முறை திரை நிறைந்து வழிந்தது. முத்திருளன், செல்லூர், ஆண், மருந்து ஒவ்வாமை, உண்டு. அந்த வரியைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. முதல் தடவையே இப்படி வந்திருந்தால் அந்த மனிதர் கால் கட்டோடு இன்று வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

மெயில் எழுதுவதற்கு முன்னால் வார்டு சிஸ்டரை ஃபோனில் கூப்பிட்டுப் பெயர்களை வாசித்தாள். அந்தப் பக்கம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்த குரல் ஒரு பெயரில் நின்றது. "ராமக்காளா? இருங்க, இருங்க. அந்தம்மாவுக்கு இப்ப ஊசி எடுத்து வச்சிருக்காங்க" என்றது. ஃபோனை மேஜையில் போட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "போடலை. நிப்பாட்டியாச்சு" என்றது.

பவதாரிணி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். முத்துப்பாண்டி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"நல்ல காரியம் பண்ணிட்ட. இதோட விட்ரு. புது ஃபைல அப்டேட்னு சொல்லி அனுப்பிருவோம். எதுக்கு, என்னன்னு எழுத வேண்டாம்."

"எழுதணும்ணே. எங்க மதினி மேல கேஸு வருது."

"எழுதினா கம்பெனி மேல வரும். உன்னோட சேத்து இங்க எத்தன புள்ளைக உக்காந்துருக்குன்னு பாரு. ஆஸ்பத்திரிக்காரன் நம்மளத்தான் கை காட்டுவான். அடுத்து எவன் நம்மள நம்பி ஃபைலு குடுப்பான்?"

"தெரியும்ணே."

"தெரிஞ்சும் எழுதுவியா?"

அவள் எழுத ஆரம்பித்தாள். நோயாளி விவரங்களை மாற்றும்போது கட்டங்களின் நிறத்தை என் நிரல் எடுக்கவில்லை, அதில்தான் ஒவ்வாமைக் குறிப்பு இருந்தது, தவறு என்னுடையது, ஊசி போட்ட நர்ஸுக்குத் திரையில் அது தெரிந்திருக்க வழியில்லை. இவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கும், மதினிக்காக அண்ணன் பார்த்து வைத்த வக்கீலுக்கும் அனுப்பிவிட்டாள்.

முத்துப்பாண்டி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். "நாளையிலருந்து வர வேண்டாம்மா. சம்பளம் முழுசாப் போட்டு விடுறேன். என்னை வையாத."

"உங்கள எதுக்குண்ணே வையிறேன்?" என்றாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

*

நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது செல்லில் ஒரு படம் வந்தது. சரண்யா யூனிஃபார்மில் சிரிக்கும் படம். ஆஸ்பத்திரிப் பொங்கல் விழாவில் எடுத்தது. அதன் குறுக்கே 'கொலைகாரி' என்று எழுதி எவனோ ஊர் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தான். நாசமாய்ப் போகிறவன், எழுத்தைச் சிவப்பில் போட்டிருந்தான்.

மெயில் ஆஸ்பத்திரி ஆபீஸுக்குப் போகும், வக்கீலுக்குப் போகும். ரோட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு யார் சொல்வது? பவதாரிணி பெரியாஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் ஏறினாள்.

பிணவறைக்குப் போகிற வழியில் கூட்டம். போலீஸ்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கி நின்றார்கள். முத்திருளனின் மனைவி பாண்டீஸ்வரி ஒரு மரத்தடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ வாங்கிக் கொடுத்த சோடா பக்கத்தில் அப்படியே இருந்தது. பவதாரிணி போய் அவள் முன்னால் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு ஃபைல மாத்திக் குடுத்தது நான்தான். ஊசி போட்ட நர்ஸு எங்க மதினி."

பாண்டீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். சுற்றி இருந்தவர்கள் காதில் விழுந்திருந்தால் பவதாரிணி அன்றைக்கு முழுசாகத் திரும்பியிருக்க மாட்டாள். நல்ல வேளை, யாரோ அப்போது கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு வந்த?"

பவதாரிணி எக்ஸெல், எக்ஸ்எம்எல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சொன்னாள். உங்கள் வீட்டுக்காரர் பெயருக்குச் சிவப்பு அடித்து வைத்திருந்தார்கள், ஊசி ஆகாது என்று. நான் பெயரை எடுத்தேன், சிவப்பை எடுக்கவில்லை. அதனால் நர்ஸுக்குத் தெரியவில்லை.

பாண்டீஸ்வரி முழுசாகக் கேட்டாள். 

"அந்தச் சிவப்ப அடிச்சு வச்சது யாரு?"

"எங்க மதினிதான்."

"அவதானா?" என்றாள் பாண்டீஸ்வரி. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "அப்ப அவளுக்கே ஞாபகம் வந்திருக்கணுமே, தாயி. இவரு வாயத் தொறந்து சொன்னப்பவாச்சும்."

பவதாரிணிக்குப் புரியவில்லை. "என்ன சொன்னாரு?"

"ஊசிய எடுத்துக்கிட்டு வந்தப்ப சொன்னாரு. இந்த மாதிரி ஊசி ஒருக்க போட்டு எனக்கு மேலெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிப் போச்சும்மா, இதே ஆஸ்பத்திரியிலதேன், கொஞ்சம் பாரும்மான்னு சொன்னாரு. நான் ஃபிளாஸ்க வச்சுக்கிட்டு வாசப்படியில நிக்கிறேன். அந்தப் புள்ள போயி கம்ப்யூட்டரப் பாத்துட்டு வந்துச்சு. அப்புடி ஒண்ணும் இல்லண்ணே, பயப்படாதீகன்னு சொன்னுச்சு. நல்ல மொகமாத்தேன் சொன்னுச்சு. இவரும் சரி, படிச்ச புள்ள சொல்லுதுன்னு கையக் குடுத்துட்டாரு."

பவதாரிணி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"போலீஸ்ல சொன்னீங்களாக்கா?"

"சொல்லாம? நோயாளி எதையும் சொல்லலன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டாகளாம். நான் துக்கத்துல ஒளறுறேன்னு நெனைக்கிறாக. எங்க கொழுந்தனே நம்ப மாட்டேங்கிறான். நீ அந்நேரம் வெளியிலதான நின்னேங்கிறான்." பாண்டீஸ்வரி பவதாரிணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். உங்க மதினிகிட்ட கேளு. அவரு சொன்னாரா, இல்லையா? ஆமான்னா ஆமாங்கட்டும், இல்லன்னா இல்லைங்கட்டும். உன் நம்பரக் குடு. நானே கூப்புடுறேன்."

பவதாரிணி நம்பரைக் கொடுத்தாள். கொடுக்காமல் எப்படி எழுந்து வருவது?

*

பொழுது சாயும் நேரத்துக்கு வீட்டுக்குள் நுழைந்தாள். ராஜபாண்டி அவளைத் தூக்காத குறை.

"வக்கீல் பேசிட்டாரு பாப்பா! உன் மெயில வச்சே உன் மதினியக் கேஸுலருந்து வெளிய எடுத்துரலாமாம். ஆஸ்பத்திரியே இப்ப எறங்கி வருது. நீ மனுசியே இல்ல, எங்க குலசாமி!"

தங்கப்பொண்ணு மகளின் தலையைத் தடவினாள். வேலை போன சேதி அதற்குள் வந்திருந்தது. தட்டில் சோற்றைப் போட்டு, "தின்னு முதல்ல" என்றாள்.

பவதாரிணி தட்டைத் தொடவில்லை. உள் அறைக்குப் போனாள். சரண்யா தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனாரைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொள்ளப் போனவள், முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள்.

"மதினி, முத்திருளனோட வீட்டம்மாவப் பாத்தேன். ஊசி போடுறதுக்கு முன்னாடி அவரு உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

 சரண்யா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். சேலை முந்தானையை எடுத்துக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"சொன்னாரு" என்றாள்.

"மதினி..."

"சொன்னாரு பவா. பாரும்மா, பாரும்மான்னு சொன்னாரு. நான் பாத்தேன். ஸ்கிரீன்ல ஒண்ணும் இல்ல."

"அவரே சொல்லுறப்ப ஸ்கிரீன் எதுக்கு மதினி?"

"உனக்குத் தெரியாது." சரண்யாவின் குரல் உடைந்தது. "போன மாசம் ஒரு அம்மாவுக்கு ஊசி எழுதிருந்தாக. எனக்கு அந்தம்மா சிவப்புன்னு ஞாபகம். ஸ்கிரீன்ல இல்ல. நான் போட மாட்டேன்னு நின்னேன். டாக்டர் எல்லார் முன்னாலயும், நீ என்ன டாக்டரா, ஸ்கிரீன்ல உள்ளத மட்டும் செய்ன்னு கத்துனாரு. வேற சிஸ்டர விட்டுப் போட வச்சாக. அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. பேரு ஒண்ணா இருந்து நாந்தேன் கொழப்பிக்கிட்டேன். எல்லாரும் சிரிச்சாக. எனக்கு மெமோ குடுத்தாக. முத்திருளன் அண்ணன் சொல்லுறப்ப எனக்கு அந்தச் சிரிப்புத்தேன் காதுல கேட்டுச்சு. மறுபடி அசிங்கப்படக் கூடாதுன்னு..."

"காலையில ஏன் சொல்லல? நான் என் தப்புன்னு சொன்னப்ப?"

"தப்பிச்சிட்டேன்னு இருந்துச்சு பவா" என்றாள் சரண்யா. "அப்புடித்தேன் இருந்துச்சு. நான் என்ன சொல்ல?"

பவதாரிணிக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, மடியில் போட்டுக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

"இத வெளிய யாரும் பேசக் கூடாது."

ராஜபாண்டி. கதவில் சாய்ந்து நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. எல்லாம் கேட்டுவிட்டான் என்பது மட்டும் தெரிந்தது.

"அண்ணே, அந்தக்கா பொய் சொல்லுதுன்னு எல்லாரும் சொல்றாங்கண்ணே. சொந்தக் கொழுந்தனே நம்பல."

"சொல்லட்டும். அவங்க யாரு, நம்ம யாரு? நீதான் எழுதிக் குடுத்துட்டியே பாப்பா. அது அப்புடியே இருக்கட்டும். உனக்கு வேலதான போச்சு? படிச்சவ, வேற வேல கெடைக்கும். இவளுக்கு ஜெயிலு. மூணு வயசுப் புள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

காலையில் இரண்டு கையையும் பிடித்து, சாகுற வரை மறக்க மாட்டேன் என்றவன் இவன்தான். மறக்கவில்லை, பாருங்கள். முழுப் பாரத்தையும் அவள் தலையிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று ஞாபகமாகச் சொல்கிறான். ஆனால் அவனையும் எப்படித் திட்டுவது? பெண்டாட்டியைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போவதை நினைத்துப் பயந்து நிற்கிற மனிதனை?

பவதாரிணியின் செல் அடித்தது. புது நம்பர்.

"எடுக்காத" என்றான் ராஜபாண்டி.

அடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளை புரண்டு படுத்தது.

"பாப்பா, எடுக்காதங்கிறேன்ல!"

பவதாரிணி எடுத்தாள்.

"கேட்டியா தாயி?" என்றது பாண்டீஸ்வரியின் குரல். பின்னால் கோஷமெல்லாம் ஓய்ந்துவிட்டிருந்தது. "சொன்னாரா, இல்லையா?"

பவதாரிணி மதினியைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டியிருக்கலாம், கும்பிட்டிருக்கலாம், அழுதிருக்கலாம். சரண்யா எதுவும் செய்யவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னாராம்க்கா."

ராஜபாண்டி சுவரில் ஓங்கிக் குத்தினான். ஃபோனில் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று பவதாரிணி நினைத்தபோது அந்தக் குரல் மறுபடி வந்தது.

"கிறுக்கச்சி ஆக்கிட்டாக தாயி என்னைய. நான் கேட்டதத்தானே சொன்னேன்." மூச்சு வாங்கினாள். "காலையில ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிருக்காக. உங்க மதினியக் கூட்டிக்கிட்டு வாரியா? அவ வாயால சொல்லட்டும். அப்புறம் நான் ஒடம்ப வாங்கிக்கிறேன். ஐஸ் பொட்டியில போட்டு வச்சிருக்காக, எனக்குப் பாக்க முடியல."

 செல்லிலிருந்து கேட்ட குரல் அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் கேட்டிருந்தது.

"வாரேன்னு சொல்லு" என்றாள் சரண்யா.

"ஏய்!" என்றான் ராஜபாண்டி.

"வாரேன்னு சொல்லு பவா."

பவதாரிணி சொன்னாள். ஃபோனை வைத்தாள். கூடத்தில் தங்கப்பொண்ணு, "என்ன சத்தம்? என்னடா நடக்குது?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள்.

 ராஜபாண்டி தாயைத் தாண்டிப் போனான். வாசல் கதவை உள்பக்கமாகச் சாத்தினான். பூட்டை மாட்டிப் பூட்டினான். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து, யாரையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டான்.